சென்னையில் மேடை, பெங்களூரில் பில்

பெங்களூரில் ஒரு தமிழ்ப் படம் சொன்ன தேதியில் வெளியாகுமா என்று தெரிய வேண்டுமானால், தயாரிப்பாளரின் அறிவிப்பைப் பார்ப்பதைவிட காவிரியில் கர்நாடகம் கட்டிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பது நல்லது. 124.80 அடி நிரம்பியிருந்தால் எந்த நடிகர் எந்த மேடையில் என்ன பேசினாலும் இங்கே யாருக்கும் காது கேட்காது. மழை பொய்த்து அணை இறங்கிவிட்டால் பத்து வருடத்துக்கு முன் ஒருவர் மைக்கில் சொன்னதுகூடத் துல்லியமாக நினைவுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் இது பழைய ஜோக். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பெரிய படம் வருகிறது என்றால், டிக்கெட் போடலாமா என்று கேட்பதற்கு முன் அப்பா பேப்பரில் அணை நிலவரத்தைத் தேடுவார்.

நான் ஸ்ரீராமபுரத்துக்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். அம்மா கோலார் தங்கவயல், மாரிக்குப்பம் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தமிழும், மளிகைக் கடையில் தெலுங்கு, மாவு மில்லில் உருது. சென்னைக்குப் போனால் "சொந்த ஊர் எது?" என்று இரண்டாம் முறையும் கேட்பார்கள். முதல் முறை சொன்ன பதிலில் அவர்களுக்குத் திருப்தி இருக்காது.

என்னைப் போன்றவர்களுக்கு சினிமா வெறும் சினிமாவாக மட்டும் இருந்ததில்லை. பள்ளியில் தமிழ் படிக்காதவர்கள்கூட நட்ராஜ் தியேட்டரிலோ அல்சூர் பக்கம் லாவண்யாவிலோ தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். அலுவலகத்தில், பஸ்ஸில், பேங்கில் நாங்கள் கண்ணில் படமாட்டோம். கன்னடம் பேசிவிட்டுப் போய்விடுவோம். முதல் நாள் முதல் காட்சிக்கு கட்அவுட் வைத்துப் பட்டாசு வெடிக்கும்போதுதான் இந்த ஊரில் இவ்வளவு தமிழர்களா என்று மற்றவர்களுக்குத் தெரியும். கோபம் வரும்போது கல் முதலில் தியேட்டர் மேல் விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். தமிழர்கள் தமிழர்களாகவே கூடுகிற இடம் என்று விலாசம் சொல்லக்கூடியது தியேட்டர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரை யாராலும் நிறுத்திக் காட்ட முடியாது. அணை அரசாங்கத்தின் கையில், உத்தரவு நீதிமன்றத்தின் கையில். படத்தை நிறுத்துவது சுலபம். நாலு பேர் போய் போஸ்டரைக் கிழித்தால் மேனேஜர் ஷட்டரை இறக்கிவிடுவார். மறுநாள் பேப்பரில் போட்டோவும் வந்துவிடும்.

அணை ஜோக்கில் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டை காவிரிக்கு முன்பே தொடங்கியது. 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்து, கருணாநிதி எழுதி 'காஞ்சித் தலைவன்' வந்தது. பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற கதை. ஏழாம் நூற்றாண்டுச் சண்டை. தமிழ்நாட்டில் அது தி.மு.க.வின் கொடியேற்றப் படங்களில் ஒன்று. ராஜா உடையில் எம்.ஜி.ஆர். பேசுவது காங்கிரஸுக்கு எதிராக என்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் அதே படம் வேறு படமாகிவிட்டது. கன்னடர்களுக்குப் புலிகேசி தங்கள் அரசன். தங்கள் தலைநகரிலேயே தங்கள் அரசன் தோற்பதைத் தமிழன் கைதட்டிப் பார்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. படம் எடுத்தவர்களுக்குப் பெங்களூர் மனதிலேயே இருந்திருக்காது. சென்னையில் உள்ளூர் அரசியலுக்காகச் சொல்லப்படும் ஒரு வசனம், முந்நூற்றைம்பது கிலோமீட்டர் மேற்கே வந்து சேரும்போது வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது. அன்று தொடங்கியது இன்றுவரை அப்படித்தான்.

கன்னடர்கள் தரப்பையும் சொல்லாமல் விட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும். 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது அவர்களோடு வந்த சிப்பாய்கள், வியாபாரிகள், கூலிகள், சமையற்காரர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1949 வரை கன்டோன்மென்ட்டும் பழைய நகரமும் தனித்தனி நிர்வாகம். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் அமைந்து கன்னடர்கள் தங்கள் தலைநகரைப் பார்த்தபோது அங்கே தமிழ், உருது, தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தன. தியேட்டர்களில் தமிழ்ப் படம், இந்திப் படம். சாமராஜப்பேட்டை ராமநவமிக் கச்சேரிகளில் சென்னை வித்வான்கள். அ.ந.கிருஷ்ணராவ் போன்ற பெரிய கன்னட நாவலாசிரியரே தெருவில் இறங்கி, எங்கள் ஊர்க் கலைஞர்களுக்கு மேடை எங்கே என்று கேட்டது 1960-களில். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதே காலத்தில் சென்னையில் இந்திக்கு எதிராக நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்.

கன்னட சினிமாவே அப்போது சென்னையில்தான் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ, லேப், தொழில்நுட்பக்காரர்கள் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி. கன்னடத்தின் உச்ச நடிகர் ராஜ்குமார் குடும்பமே சென்னையில் குடியிருந்தது. அவர் மகன் சிவராஜ்குமார் பிறந்தது அங்கே, 1975-ல் இளைய மகன் புனீத் பிறந்ததும் அங்கேதான். அண்ணாவ்ருவுக்கு (ராஜ்குமாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பல வருடம் பாட்டுக் குரலாக இருந்தவர் பி.பி.ஸ்ரீனிவாஸ், காக்கிநாடாக்காரர், சென்னைவாசி. அப்பா இதை விட்டுக்கொடுக்கவே மாட்டார். "குரல் ஒண்ணுதான்டா. அங்க ஜெமினி வாயசைப்பாரு, இங்க அண்ணாவ்ரு வாயசைப்பாரு." அவருக்கு எம்.ஜி.ஆர். படமும் பிடிக்கும், ராஜ்குமார் படமும் பிடிக்கும். எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். இரண்டு மன்றத்திலும் சந்தா கட்டியவர்களை எனக்கே தெரியும்.

1991 டிசம்பரில் நான் சின்னப் பையன். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியான மறுநாளே கலாட்டா தொடங்கியது. எனக்கு நினைவிருப்பது பெரியப்பா தன் தையல் கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்துகளின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்தது மட்டும்தான். மற்றதெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது: எரிந்த குடிசைகள், ஓசூர் வழியாக ஊரைவிட்டுப் போனவர்கள், துப்பாக்கிச் சூடு, சாவுகள். அதை இங்கே கதையாக்க எனக்கு மனமில்லை.

அந்த வருடம் நின்றுபோனது ஒரு சிலை. அல்சூர் ஏரி அருகே தமிழ்ச் சங்கம் எடுத்த முயற்சியில் நிறுவப்பட்ட திருவள்ளுவர், திறப்பு விழாவுக்கு முன்பே சாக்குத் துணியால் மூடப்பட்டார். பதினெட்டு வருடம் அப்படியே நின்றார். குறளில் பெங்களூர்த் தமிழனைப் பற்றி ஒரு வரியும் இல்லை, காவிரியைப் பற்றியும் இல்லை. ஆனாலும் அவர் பிணைக்கைதி ஆகிவிட்டார்.

பிணைக்கைதி என்றதும் 2000-க்கு வர வேண்டும்.

ஜூலை 30-ஆம் தேதி இரவு வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்தினான். அவர் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள், தாளவாடி பக்கம் இருக்கிறது. அங்கே தன் சொந்த வீட்டில் இருந்தபோதுதான் கடத்தப்பட்டார். அந்த மனிதரை எந்த மாநிலத்துக்காரர் என்று சொல்வது என்றே குழப்பம். அப்படிப்பட்டவரைத் தமிழன் ஒருவன் காட்டுக்குள் கொண்டுபோனான் என்றால் எங்கள் தெருவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மறுநாள் ஊரே ஷட்டர் இறக்கியது. பள்ளிக்கூடம் லீவு. தமிழ்ப் படங்கள் தியேட்டரிலிருந்து மறைந்தன. கேபிள்காரர் தமிழ் சேனல்களை நிறுத்தினார். அவரும் தமிழர்தான். "என் ஆபீஸைக் கொளுத்திட்டா நீங்க காசு தருவீங்களா அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவுக்கு வேறு கவலை. அந்த வருடம் தமிழ்நாடே இரவு ஒரு சீரியலுக்காக உட்கார்ந்திருந்தது. கதை சூடுபிடித்த நேரத்தில் திரையில் பூச்சிகள் பறந்தன. ஓசூரில் இருந்த சித்திக்கு எஸ்.டி.டி. போட்டு "ஏண்டி, நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்பார். போன் பூத்தில் தமிழில் சத்தமாகப் பேச பயம். அதனால் கதாபாத்திரங்களின் பெயரை விட்டுவிட்டு "அவ", "இவ", "அந்தப் படுபாவி" என்றே பேசுவார். பூத்தில் காத்திருந்த கன்னட மாமி ஒருவர், அம்மா வெளியே வந்ததும் மெதுவாக, அந்தப் படுபாவி பிடிபட்டானா என்று கேட்டாராம். அவரும் அதே சீரியலைப் பார்த்தவர்.

வீரப்பன் அனுப்பிய கோரிக்கைகளில் காவிரி இருந்தது. பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் இருந்தது. யானை வேட்டையும் சந்தனக் கடத்தலும் செய்தவன் திடீரென்று தமிழ்ப் பண்பாட்டுக் காவலன் ஆகியிருந்தான். அவனோடு பேசப் போனவரும் ஒரு பத்திரிகைக்காரர், நக்கீரன் கோபால். காட்டிலிருந்து வந்த கேசட்டுகளை இரண்டு மாநில முதலமைச்சர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைக் கொண்டாடிய சில குரல்கள் அன்றும் சென்னையில் இருந்தன, இன்றும் இணையத்தில் இருக்கின்றன. அந்த 108 நாட்களில் ஸ்ரீராமபுரத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தால் அந்தக் கொண்டாட்டம் வந்திருக்காது. நவம்பர் 15-ஆம் தேதி ராஜ்குமார் விடுதலையானபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. அதில் அன்பு எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பா கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தார்.

வள்ளுவர் 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியே வந்தார். எடியூரப்பா முதலமைச்சராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்துவைத்தார். நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டு கவிகளையும் யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பண்டமாற்று என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் பண்டமாற்று பிடித்திருந்தது. அரசியல்வாதிகள் பண்பாட்டில் தலையிட்டால் நாசம்தான் என்று பொதுவாகச் சொல்கிறோம். இந்தச் சிக்கலை அவிழ்த்தது இரண்டு அரசியல்வாதிகள்தான், எந்தக் கலைஞனும் இல்லை.

கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தமிழ் சினிமாக்காரர்களுக்கு மேடை ஒரு பழக்கம். கட்சிகளே சினிமாவிலிருந்து வந்த மாநிலத்தில், ஒரு பிரச்சினை என்றால் நடிகர்கள் ஏன் பேசவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். 2002 அக்டோபரில் காவிரிக்காக பாரதிராஜா தலைமையில் திரையுலகம் நெய்வேலிக்குப் போராடப் போனது. ரஜினிகாந்த் அங்கே போகாமல் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். பெங்களூரில் பிறந்து, பஸ் கண்டக்டராக வேலை பார்த்த மராட்டியர் அவர். அவரை இரு தரப்பும் சந்தேகத்தோடுதான் பார்த்தன. 2008 ஏப்ரலில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகச் சேப்பாக்கத்தில் நடிகர் சங்க உண்ணாவிரதம். ரஜினி, சத்யராஜ் உட்பட எல்லோரும் மேடையில் காரசாரமாகப் பேசினார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஆகஸ்டில் 'குசேலன்' வரவிருந்தது. கர்நாடகத்தில் படம் ஓட வேண்டுமே. ரஜினி கன்னட டிவியில் வருத்தம் தெரிவித்தார். உடனே தமிழ்நாட்டில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், எதற்கு வருத்தம் தெரிவித்தாய் என்று.

சத்யராஜின் முறை ஒன்பது வருடம் கழித்து வந்தது. 2017 ஏப்ரல், 'பாகுபலி'யின் இரண்டாம் பாகம். தெலுங்கர்கள் எடுத்த படம், கற்பனை ராஜ்யம், தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத அருவிகள். அதில் கட்டப்பாவாக நடித்த சத்யராஜ் 2008-ல் சேப்பாக்கத்தில் பேசியதற்காக அதை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். அந்த வருடம் அணை வறண்டு கிடந்தது, சொல்ல வேண்டியதில்லை. சத்யராஜ் வீடியோவில் வருத்தம் தெரிவித்தார். கூடவே, தமிழர் பிரச்சினைகளுக்குத் தொடர்ந்து குரல் கொடுப்பேன் என்றும் சொன்னார். கன்னட அமைப்புகள் அறிவித்திருந்த முழு அடைப்பைக் கைவிட்டன. இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டதாக அறிவித்துக்கொள்ளும்படி ஒரு அறிக்கை எழுதுவது சாதாரண வேலை இல்லை. அந்த அளவில் அதை ரசித்தேன்.

இந்த மேடைகளில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. காவிரியில் தமிழ்நாட்டுக்கு உரிமை உண்டு, டெல்டா விவசாயியின் வலி உண்மை. ஆனால் ஒரு நடிகர் சேப்பாக்கத்தில் சவால் விட்டதால் மேட்டூருக்கு ஒரு டி.எம்.சி. கூட வந்ததில்லை. கைதட்டல் சென்னையில் விழுகிறது, பில் பெங்களூருக்கு வருகிறது. மைசூர் வங்கி சர்க்கிளில் நின்று பேசும் கன்னட நடிகர்களுக்கும் இது பொருந்தும். 2016 செப்டம்பர் முழு அடைப்பில் கன்னடத் திரையுலகம் ஊர்வலம் வந்தது. அதில் கலந்துகொண்ட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் மீம் போட்ட ஒரு தமிழ் மாணவனைப் பெங்களூரில் பிடித்து அடித்து, வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். பதிலுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு கன்னட டிரைவரை அடித்தார்கள். அதற்கும் வீடியோ. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையாக எரிந்தன. தண்ணீர்ப் பிரச்சினைதான், ஆனால் தீக்குச்சியை உரசியது சினிமா மீம்.

உணர்ச்சிக்கு அடியில் வியாபாரமும் ஓடுகிறது. 2004-ல் கர்நாடக ஃபிலிம் சேம்பர், வேறு மொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழித்துத்தான் கர்நாடகத்துக்கு வர வேண்டும் என்று தடை போட்டது. அப்போது எந்த நடிகரும் எதுவும் பேசியிருக்கவில்லை. கன்னடப் படங்களுக்குத் தியேட்டர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். டப்பிங் எதிர்ப்பும் அப்படியே. வேறு மொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்யக் கூடாது என்ற எழுதப்படாத சட்டம் பல பத்தாண்டுகள் இருந்தது, 2015-ல் போட்டி ஆணையம் அதற்கு எதிராக உத்தரவிடும்வரை. விளைவு வேடிக்கையானது: டப்பிங் இல்லாததால் கன்னடர்கள் தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்த்தார்கள், தெலுங்குப் படத்தைத் தெலுங்கிலேயே பார்த்தார்கள். என் கன்னட நண்பர்கள் பலர் பேசும் தமிழ் அப்படி வந்தது. கன்னடத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி பெங்களூரில் தமிழ் வளர்த்தது. தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தமிழ்ப் பற்று வந்து படங்களின் பெயரை மாற்றினார்கள். உள்ளே பாட்டெல்லாம் பழையபடி இங்கிலீஷ்தான்.

கடைசியாக 2025. இந்த முறை தண்ணீரே இல்லை, அதாவது பிரச்சினையில் இல்லை. மே மாத இறுதியில் சென்னையில் 'தக் லைஃப்' விழா. முன்வரிசையில் சிவராஜ்குமார். கமல்ஹாசன் அவரைப் பார்த்து அன்பாகத்தான் தொடங்கினார், உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று முடித்தார். மொழியியல்படி இது சரியில்லை. இரண்டும் ஒரே மூலத் திராவிட மொழியிலிருந்து கிளைத்தவை, அக்கா தங்கை என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த யாருக்கும் இது சாதாரணமாக வாயில் வரும் வாக்கியம். தமிழே எல்லாவற்றுக்கும் தாய் என்பது அங்கே பாராட்டு. கேட்கிற கன்னடனுக்கு அது, நீ எனக்குப் பிறகு வந்தவன் என்பதாகத்தான் விழும்.

சேம்பர் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கமல் கடிதம் எழுதினார், அதில் அன்பு இருந்தது, மன்னிப்பு இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன என்ற தொனியில் நீதிபதி பேசினார். ஜூன் 5-ஆம் தேதி படம் எல்லா இடத்திலும் வந்தது, கர்நாடகத்தில் வரவில்லை. ஜூன் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தணிக்கை பெற்ற படத்தைக் கும்பல் மிரட்டி நிறுத்த அனுமதிக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது மாநில அரசின் வேலை என்று சொன்னது. மொழி எதிலிருந்து பிறந்தது என்று தீர்மானிப்பது எந்த நீதிமன்றத்தின் வேலையும் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் சரி. ஆனால் அதற்குள் படம் ஆறிவிட்டது. தமிழ்நாட்டிலேயே காட்சிகள் குறைந்துகொண்டிருந்தன.

நாங்கள் ஓசூருக்குப் போய்ப் பார்த்தோம். என்னோடு வேலை பார்க்கும் கன்னட நண்பன் ஒருவன், பரம கமல் ரசிகன், அவன்தான் கார் எடுத்தான். அத்திப்பள்ளி தாண்டினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தியேட்டர் பார்க்கிங்கில் பாதிக்குப் பாதி கே.ஏ. நம்பர் வண்டிகள். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் கன்னடம்தான் அதிகம் கேட்டது. படம் எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது, இந்தப் படத்துக்காகவா இவ்வளவு என்று நான் ஆரம்பித்தேன். "பிடு குரு" (விடுப்பா) என்று அவன் வண்டியைக் கிளப்பினான். எலெக்ட்ரானிக் சிட்டி வரும்வரை கமலின் பழைய படங்களைப் பற்றித்தான் பேசினோம்.

இந்த நாடகத்தில் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. பெங்களூர்த் தமிழன் இதில் எப்போதும் பார்வையாளன்தான், படத்திலும் சரி, பிரச்சினையிலும் சரி. அவனைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. காந்திநகர் தொகுதியிலும் தங்கவயலிலும் அ.தி.மு.க. ஜெயித்து கர்நாடக சட்டமன்றத்துக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அந்த அரசியலை வைத்து மட்டும் நாலு நாவல் எழுதலாம். எங்கே?

அம்மாவின் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் கன்னடத்தில் 'கே.ஜி.எஃப்' வந்து இந்தியா முழுக்க ஓடியது. அதைத் தமிழ் டப்பிங்கில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். புழுதி, சங்கிலி, அடிமைகள், அவர்களை மீட்க வரும் ஒரு ஹீரோ. அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல எங்க ஊரு எங்கப்பா?" என்றார். அவர் வளர்ந்த லைன் வீடுகள், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இல்லை. ஷிஃப்ட் சங்கு இல்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறை வெடிப்பில் சிக்கிச் சாகாமல் மேலே வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்ட வீடுகள் இல்லை. தமிழும் தெலுங்கும் பேசிய தலித் தொழிலாளர்கள் இல்லை. முக்கியமாக அவர்கள் யாரும் ஹீரோவுக்காகக் காத்திருக்கவில்லை. 1930-லேயே கைரேகை எடுக்கும் விதியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். சங்கம் வைத்தார்கள், தேர்தலில் நின்றார்கள்.

அதைவிட முக்கியம், அச்சகம் வைத்திருந்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் மறைந்தபின் அந்தப் பேச்சு சென்னையில் மங்கியது, தங்கவயலில் மங்கவில்லை. அவருடைய தமிழ்ப் பௌத்தத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சின்னச் சின்ன நூல்களாக அச்சிட்டது. ஜி.அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்து மறுபடி நடத்தினார். பகலில் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இரவில் அதை வாங்கிப் படித்தார்கள். பல வருடம் கழித்து தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அயோத்திதாசரைக் 'கண்டுபிடித்தபோது' கைகொடுத்தது இப்படிப் பாதுகாக்கப்பட்ட தாள்கள்தான். அம்மாவின் அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி இரண்டு மூன்று புத்தகங்கள் அட்டையில்லாமல் கிடந்தன. தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் கர்நாடகத்தில் நடந்திருக்கிறது. மேடையில் காவிரிக்கு முழங்கும் எவர் வாயிலிருந்தும் நான் இதைக் கேட்டதில்லை.

2024-ல் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது ஆசையோடு போனோம். வட ஆற்காட்டிலிருந்து நடந்துபோகும் மக்கள், பௌத்தத்தின் தடம், நிலத்தின் மேல் உரிமை என்று அவர் தொட்டதெல்லாம் எனக்கு நெருக்கமானவை. தாத்தாவின் ஊர்ப்பெயர்களைத் திரையில் கேட்பது தனி மகிழ்ச்சி. ஆனால் அது 1850-களின் கதை, சுரங்கம் முறையாகத் தொடங்குவதற்கும் முன்பு. அம்மாவின் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது: "இதுலயும் லைன் வீடு வரல." ஒரு படம் சுரங்கத்துக்கு முந்தைய தொன்மத்துக்குப் போய்விட்டது, இன்னொரு படம் நடக்காத ஒரு அடிமைச் சுரங்கத்தைக் கட்டிவிட்டது. நடுவில் நூற்றிருபது வருடம், 2001 பிப்ரவரி 28-ல் பூட்டுப் போட்டதுவரை, அப்படியே இருக்கிறது. பூட்டிய பின் தினமும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவு வீடு திரும்பும் மாமாக்கள் இருக்கிறார்கள். அந்த ரயில் பெட்டியில் மூன்று மொழியில் நடக்கும் அரசியல் பேச்சை அப்படியே பதிவு செய்தாலே போதும், வசனகர்த்தா வேண்டாம்.

போன மாதம் சாப்பிடும்போது அம்மாவிடம் சும்மா கேட்டேன். லைன் வீட்டை வைத்து உண்மையாகவே யாராவது படம் எடுத்தால் தாத்தாவாக யார் நடிக்கலாம்?

யோசிக்கவேயில்லை. "ராஜ்குமார். அந்த மூக்கு அப்படியே எங்கப்பாவுக்கு."

"அவரு போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகப்போவுது," என்றார் அப்பா. "அதுவுமில்லாம கன்னடம்தானே பேசுவாரு?"

"எங்கப்பா மட்டும் என்னவாம்? மேஸ்திரிகிட்ட தெலுங்கு, ஆபீஸ்ல கன்னடம், தொரைகிட்ட இங்கிலீஷ். தமிழ்ல பேசுனது எங்கம்மாவைத் திட்டறப்ப மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா ரசம் எடுத்துவர எழுந்துபோனார்.